குனிய வராத நெட்டையன்

பால்டிமோர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? எனக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. மாலையில் பேஸ்பால் பார்க்கப் போகிறேன், மைதானம் நடக்கிற தூரம்தான்.

"நெட்டையன், குனிய வராது" என்று உன்னை பவுண்டரியிலேயே நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு கால் ரிப்கன் (Cal Ripken) என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் ஞாபகம்தான். 1981 முதல் 2001 வரை இந்த ஊர் ஓரியோல்ஸ் அணியை விட்டு வேறெங்கும் போகாமல் ஆடியவர். பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்.

பேஸ் என்றால் அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். ஏறக்குறைய நம் மிட்விக்கெட். வலக்கைக்காரர்கள் இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் உருண்டு வரும். குனிந்து அள்ளி, அடித்தவன் முதல் பேஸைத் தொடுவதற்குள் அங்கே எறிய வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பவர்களைத்தான் நிறுத்துவார்கள். ரிப்கனோ ஆறடி நாலு அங்குலம்! 1982 ஜூலையில் மேலாளர் ஏர்ல் வீவர்தான் மூன்றாவது பேஸிலிருந்து அவரை அங்கே மாற்றினார். அடுத்த வருஷமே உலகத் தொடரை, அதாவது இங்கே சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை, ஓரியோல்ஸ் ஜெயித்தது. கடைசி கேட்ச் பிடித்ததும் ரிப்கன்தான்.

அவருக்குப் பெரிய ஓட்டமெல்லாம் கிடையாது. கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி அடிப்பவனுக்குப் பின்னால் இருப்பவர், பந்து போடுபவருக்கு விரலால் காட்டும் சைகையைப் பார்ப்பார். என்ன பந்து வருகிறது, இந்த ஆள் அதை எந்தப் பக்கம் அடிப்பான் என்று கணக்குப் போட்டு, பந்து கிளம்பும் முன்பே நகர்ந்து நிற்பார். 1990-ல் 161 ஆட்டம் ஆடி பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் அவர் செய்த பிழை மூன்றே மூன்று.

ஊரில் எல்லாரும் சொல்வது இன்னொன்று. 1982 மே 30 முதல் ஒரு நாள்கூட விடாமல் 2,632 ஆட்டம் ஆடினார். 1995 செப்டம்பர் 6-ல் பழைய ஆட்டக்காரர் லூ கெரிக்கின் சாதனையான 2,130-ஐத் தாண்டியபோது, ஆட்டத்தை நிறுத்தி 22 நிமிஷம் கை தட்டியிருக்கிறார்கள். பெரிய விஷயம்தான். ஆனாலும் என் மனசு அந்த மூன்று பிழையிலேயே நிற்கிறது.

நேற்று பந்தைப் பார்க்காமல் ஷார்ட்ஸ்டாப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சைகைக்குப் பதில், என்ன பந்து வருகிறது என்று சொல்ல தொப்பிக்குள் சின்ன ஸ்பீக்கர். கூட்டம் கத்தும்போது தொப்பியைக் காதோடு அழுத்திக் கேட்டார். காலால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தார். இடது பக்கம் ஓரடி வைத்தார். அடித்த பந்து நேரே அவர் கையுறைக்குள் வந்து விழுந்தது. எனக்கு உன்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

உங்கள் பவுலர் மெதுவான பந்து போடும் முன் உனக்கு மட்டும் ஒரு சைகை காட்டச் சொல். அதை வைத்து நின்று பார். என்ன ஆயிற்று என்று எழுது. உனக்கு ஒரு கிளவ் வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். தோல் இன்னும் விறைப்பாக இருக்கிறது. தினமும் ராத்திரி பந்தை உள்ளே வைத்துக் கட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்