அந்தப் படத்தின் கீழே இருக்கும் வரியை மாற்றுங்கள்

பழைய சிலோன் ஸ்டுடியோ படங்களை மறுஅச்சுப் போட்டு விற்பவர்களுக்கும், மூலப் படங்களை வைத்திருக்கும் காப்பகங்களுக்கும், அவற்றை வாங்கிச் சுவரில் மாட்டும் ஹோட்டல்காரர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் போயிருந்தேன். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூர் வந்து சேர்ந்தவர் அவர். சாவதற்குள் தான் பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பார்த்தோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி வைத்திருந்தார்கள், அங்கே தேநீர் குடிக்க ஒதுங்கினோம்.

உள்ளே நடையில், ஆளுயரச் சட்டத்தில் நீங்கள் விற்ற படம். பதினைந்து பதினாறு வயதுப் பெண். ரவிக்கை இல்லாமல் சுற்றிய சேலை. முழங்கையை ஒரு பொய்த்தூணில் ஊன்றி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் மரமும் ஓடையும் வரைந்த திரை. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, தோளைத் தொடுகிற காது, கழுத்தில் அட்டிகை. கீழே பித்தளைத் தகடு: "சிலோன் கூலி அழகி. விண்டேஜ் ஃபேஷன்." படம் பிடித்த ஸ்டுடியோவின் பெயர் இருந்தது. மறுஅச்சுப் போட்டவர் பெயரும் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அப்பாயி கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது யாரு வீட்டுப் புள்ள சாமி?"

தேநீர் கொண்டுவந்த பையனும் லயத்துப் பிள்ளைதான். அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் யார் பெயரை எழுதிவைத்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எழுதிவைத்தார்கள் ஐயா. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாளா என்று செக்ரோல் என்ற பதிவேட்டில் குறித்தார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் கடன் கணக்கிலும் பெயர் ஏறியது. சம்பளத்தைப் பிடிப்பதற்கு அவள் பெயர் தேவைப்பட்டது. அழகி என்று விற்பதற்குத் தேவைப்படவில்லை. அந்த அட்டிகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதே காலத்துத் தகர டிக்கட்தான் நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்தவர்களின் கழுத்தில், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எண் பொறித்துத் தொங்கவிட்ட தகடு. அந்த வரலாற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் காப்பகங்களிலேயே இருக்கிறது.

அப்புறம், அதை ஃபேஷன் என்கிறீர்கள். தோட்டத்துப் பெண் உடுத்தியது எது என்று அப்பாயியைக் கேட்டால் சொல்வார். தலையில் கம்பளி. இடுப்பில், தேயிலை வாது கிழிக்காமலிருக்கக் கட்டிய சாக்கு. முதுகில் கூடை. காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து வழியும் ரத்தம். அப்பாயியின் கணுக்காலில் அந்தத் தழும்புகள் இன்னும் கறுப்புப் புள்ளிகளாக இருக்கின்றன. அதை யாரும் அஞ்சலட்டையாகப் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாயியின் அம்மாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. எப்படி இருப்பார் என்று கேட்டால், "உன் அத்தை சாடை" என்பார், அவ்வளவுதான். அப்பாயிக்கே முதல் படம், இந்தியாவுக்கு அனுப்புவதற்கான பாஸ்போர்ட்டுக்காகக் கண்டியில் எடுத்தது. விற்பதற்கு ஒரு படம், வெளியேற்றுவதற்கு ஒரு படம். எங்கள் பெண்கள் கேமராவுக்கு முன்னால் நின்ற கதை இதுதான்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' வெளிவந்தது. மனிதர்களைச் சாதிவாரியாக, இனவாரியாக நிறுத்திப் படம் பிடித்துத் தொகுத்தார்கள். இலங்கையில் ஒதுக்கிவைக்கப்பட்ட ரொடியா சாதிப் பெண்களை மேலாடை இல்லாமல் நிறுத்தி எடுத்த அஞ்சலட்டைகள் கொழும்புக் கடைகளில் விற்றன. வெள்ளைக்காரன் காலம் அப்படி என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2008 ஆகஸ்டில் வோக் இந்தியா என்ற ஃபேஷன் இதழ் ஏழை ஜனங்களின் கையில், பணக்காரர்கள் வாங்கும் பர்பரி குடையையும் ஹெர்மெஸ் பையையும் கொடுத்துப் படம் எடுத்தது. குழந்தையின் கழுத்தில் ஃபெண்டி துணி. பொருளுக்கெல்லாம் கம்பெனிப் பெயர் போட்டார்கள். அதைக் கையில் வைத்திருந்த மனிதர்களுக்குப் பெயர் போடவில்லை. நூறு வருடம் கழித்தும் அதே பழக்கம்!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். அந்த வரியை மாற்றுங்கள்.

படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அழித்தால் அவள் முகமும் போய்விடும். 'கூலி', 'அழகி', 'ஃபேஷன்' மூன்றையும் எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள்: "தோட்டத் தொழிலாளிப் பெண் என்று சொல்லி விற்கப்பட்ட படம். ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்தது. பெயரைப் படம் பிடித்தவர் எழுதிவைக்கவில்லை." ஒரு தகட்டில் அடங்கிவிடும். காப்பகத்தில் இருப்பவர்கள் இணையப் பட்டியலில் இதைத் திருத்தினால், அங்கிருந்து எடுத்து விற்கிறவர்களுக்கும் சரியான வரி போய்ச் சேரும். தலையணை உறையிலும் காபிக் கோப்பையிலும் அவளை அச்சடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

முடியாத காரியம் இல்லை. நேஷனல் ஜியாக்ரஃபிக் எவ்வளவு பெரிய பத்திரிகை. 2018 ஏப்ரலில், பல பத்தாண்டுகளாகத் தாங்கள் எழுதியதும் காட்டியதும் இனவாதமாக இருந்தது என்று ஆசிரியரே எழுதினார். அதற்காக ஒரு வரலாற்றாசிரியரை அழைத்துத் தங்கள் பழைய இதழ்களை ஆராயவும் வைத்தார்கள். நான் உங்களிடம் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. வரியை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. கூடலூர் வந்த பிறகும் இரண்டு தடவை கேட்டுவிட்டார், "அந்தப் புள்ள யாருன்னு தெரிஞ்சுதா?" என்று. தகட்டை மாற்றியதும் தயவுசெய்து அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஒரு பேரன்