களப்பயிற்சியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், செனட் உறுப்பினர்களுக்கும், தொல்லியல் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் கெடா மாநிலத்தில் பீடோங் பட்டணத்தில் இருப்பவள். 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். உங்கள் தொல்லியல் பட்டப்படிப்பில் ஆறு வாரக் களப்பயிற்சி இந்த ஆண்டு ஏன் நின்றது, எந்தக் கூட்டத்தில் அது முடிவானது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். அந்த முடிவு எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து இறங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்த பிள்ளை ஒருத்தி இன்று உங்கள் மாணவி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து உங்களிடம் இடம் கிடைத்ததும் முதலில் என் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள். அன்று மாலை அவர்கள் வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "மண்ணு தோண்டவா இவ்வளவு படிச்சே? அதைத்தான் நாம பரம்பரையா செய்யிறோமே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா மட்டும் எழுந்து வெளியே போனார்.

முதல் செமஸ்டருக்கான பொருள் பட்டியலில் மண்ணைச் சீவும் நான்கு அங்குலக் கரணை ஒன்றைச் சொந்தமாக வாங்கி வரச் சொல்லியிருந்தீர்கள். விடுமுறையில் சுங்கை பட்டாணியில் ஒரு மினி மார்க்கெட்டில் நின்று சம்பாதித்த காசில் அவள் அதை வாங்கினாள். புதுக் கரணையின் விளிம்பு மழுங்கலாக இருக்கும், மண்ணைச் சீவ வராது, தீட்ட வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். குலை வெட்டும் அரிவாளைத் தீட்டுகிற அதே கல்லில் அப்பாவே உட்கார்ந்து தீட்டிக் கொடுத்தார். வாசல் படியில் அவர் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தீட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மகள் மண் தோண்டப் போகிறாள் என்பதை அவர் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கரணை இன்னும் மண்ணைத் தொடவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, நாளிதழில் சுற்றி, துணி அலமாரியில் வைத்திருக்கிறாள். மூன்றாம் ஆண்டும் முடியப் போகிறது.

போன மாதம் என்னை அழைத்துப் பேசினாள். "டீச்சர், இன்னைக்கு எங்களுக்குக் களப்பயிற்சி. மெர்போக் மியூசியத்துக்கு பஸ்ல கூட்டிட்டு வந்தாங்க. கேள்விப் பாரத்துல பதில் எழுதி, முன்னாடி நின்னு படம் எடுத்தா போதுமாம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க எங்களைக் கூட்டிட்டு வந்தீங்களே, அதே இடம்தான் டீச்சர்" என்றாள்.

ஆமாம், அதே இடம்தான். ரொட்டிப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியுமாக 10 வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நான் காட்டிய அதே கண்ணாடிப் பெட்டிகள். அந்த அருங்காட்சியகத்தை ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன். 1980-இல் அது திறக்கப்பட்டிராவிட்டால் எங்கள் பிள்ளைகள் பழங்காலக் கோயில்கள் புதைந்து கிடந்த இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி அறியாமலே வளர்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டியின், அதாவது பழங்காலக் கோயிலின், கல் அடித்தளத்தில் அவர்கள் ஏறி நின்றபோது அந்த முகங்களில் பார்த்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போதுமானது பட்டப்படிப்புக்கும் போதும் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுக்கலாமா? களப்பயிற்சியை அந்த மாணவர்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். புது ஆளை யாரும் நேராக நல்ல மரத்தில் விட மாட்டார்கள். சாய்க்கப் போகிற கிழட்டு மரத்தில் வாரக்கணக்கில் பழக விடுவார்கள். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பட்டை முண்டு முண்டாக வளரும், அந்த இடத்தில் பிறகு சரியாக வெட்ட வராது. மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. எந்த ஆழம் சரி என்பதைக் கைதான் கற்றுக்கொள்ளும். படம் காட்டி அதைச் சொல்லிக் கொடுத்த மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவரும் கிடையாது.

அகழாய்வு அதைவிடக் கடுமையானது. மரம் புதுப்பட்டை போடும், தோண்டிய மண் அடுக்கு மறுபடி அடுக்காகாது. குழியின் பக்கச் சுவரைச் சீவி நேராக்கி, எங்கே கரிக்கோடு ஓடுகிறது, எங்கே சுட்ட மண் சிவக்கிறது, எங்கே இரும்புக் கசடு நொறுங்கிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈர மண்ணின் நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். ஓர் ஓடு கிடைத்தால் எடுப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படம் பிடித்து, எண் போட வேண்டும். மாலையில் கெடா மழை கொட்டும். அதற்குள் கென்வாஸ் விரித்துக் குழியை மூட வேண்டும். மறுநாள் தேங்கிய நீரை இறைத்து, வழிந்த சேற்றுக்கும் பழைய அடுக்குக்கும் வேறுபாடு தெரிந்து சீவ வேண்டும். இதில் எதை வகுப்பறையில் வைத்துச் சொல்லிக் கொடுப்பீர்கள்? இதைச் செய்து பழகாத பட்டதாரியை நம்பி நாளைக்கு யார் ஒரு குழியை ஒப்படைப்பார்கள்?

1936-37-இல் ஆங்கிலேய ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 30 இடங்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் தோண்டிய இடத்தை இன்னொருவர் முதல்முறையாகத் தோண்ட முடியாது. அவர்கள் எழுதி வைத்ததுதான் நமக்கு மிச்சம். ஒரு கை பழகியதா பழகாததா என்பது அத்தனை பெரிய காரியம்.

பூஜாங் பள்ளத்தாக்கு எங்களுக்குப் பாடப்புத்தகத்து இடம் இல்லை. செமெலிங்கைத் தாண்டி மெர்போக் போகிற சாலையில்தான் சுங்கை பத்து இருக்கிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி, இரும்பு உருக்கிய இடங்களையும், உலைக்குக் காற்றூதிய மண்குழாய்களையும், செங்கல் கட்டுமானங்களையும் வெளியே கொண்டு வந்தார்கள். அது செம்பனை மரங்கள் நின்ற நிலம். எங்கள் ஆட்கள் குலை வெட்டி, உரம் போட்டு நடந்த நிலம். எங்கள் பாட்டி இருந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த மூன்று கற்களில் ஒன்று, இன்றைய செங்கல்லைவிட அகலமும் கனமுமான பழைய செங்கல். அதன் ஒரு முகத்தில், ஈரமாக இருந்தபோது யாரோ மூன்று விரலால் இழுத்த கோடு இருந்தது. புல் வெட்டும்போது கிடைத்தது என்பார் பாட்டி. அது எந்தக் காலத்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அன்று எங்களிடையே ஒருவரும் இல்லை. லயத்தை இடித்தபோது அதுவும் போயிற்று. அந்த விரல் கோட்டைப் பார்த்து இது என்ன என்று சொல்லக்கூடிய பிள்ளை எங்கள் லயத்திலிருந்தே இப்போதுதான் வந்திருக்கிறாள். அவள் கையில் ஒரு கேள்விப் படிவத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள்.

பணம் இல்லை, பேருந்து இல்லை, காப்புறுதி இல்லை, அனுமதி வர நாளாகிறது என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டதாம். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி அகழாய்வுக்கு உரிமம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். வேண்டியதுதான். ஆனால் உரிமம் தேவைப்படாத வேலைகள் எத்தனையோ இருக்கின்றனவே. வளாகத்தில் ஒரு மூலையில் உடைந்த பானைகளை அடுக்கடுக்காகப் புதைத்துப் பயிற்சிக் குழி அமைக்கலாம். நில அளவை பழக்கலாம். ஏற்கெனவே தோண்டி எடுத்தவற்றைக் கழுவவும் வகைப்படுத்தவும் வரையவும் வேறு பல்கலைக்கழகங்களிடம் பேசி உங்கள் மாணவர்களை அனுப்பலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கப்பட்டது. 1980-களின் நடுவிலேயே அதன் ஆய்வாளர்கள் கொடுமணல் அகழாய்வில் குழியில் இறங்கிவிட்டார்கள். எல்லா வசதியும் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் மனத்தில் எரிகிறது. 2013 இறுதியில் சுங்கை பத்து தோட்டத்தில் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தது. அந்த நிலம் மரபுடைமை இடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது செம்மண் மட்டும்தான் கிடந்தது. எல்லாரும் அறிக்கை விட்டார்கள். எங்கள் சமூகத் தலைவர்களும் விட்டார்கள். சோழர் கடாரம் என்றது இந்தக் கெடாவைத்தான். கடாரம் கொண்டான், 1025, ராஜேந்திர சோழன் கப்பற்படை என்று ஒவ்வொரு பொங்கல் விழா மேடையிலும் கேட்கிறோம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் விகாரம் கட்ட, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டையும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். கீழடிப் படங்களைப் பகிர்கிறோம். ஆனால் ஒரு சண்டியை இயந்திரம் நெருங்கும்போது, "நிறுத்துங்கள், இது கட்டுமானத்தின் அடித்தளம்" என்று மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இந்தப் பட்டணங்களில் எத்தனை பேரை உருவாக்கினோம்? இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதல்ல, எங்களுக்கும்தான். பிள்ளை தொல்லியல் படிக்கிறாள் என்றால் முகம் சுளிக்கிற பெற்றோரிடமும் நான் இதையேதான் கேட்கிறேன்.

கோபத்தில் மேடைகள் வரை போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். நிறுத்திய ஆறு வாரக் களப்பயிற்சியை இந்த மாணவர்கள் பட்டம் வாங்குவதற்கு முன் நடத்துங்கள். ஆறு வாரம் முடியாதென்றால் நான்கு வாரமாவது நடத்துங்கள். அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தைக் களப்பயிற்சி என்று மதிப்பெண் பட்டியலில் எழுதாதீர்கள். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அந்தச் சொல்லை நம்பி அவர்களைக் குழியில் இறக்குவார்கள்.

பகுதிநேரமாக வந்து பாடம் நடத்தும் விரிவுரையாளர் தம் சொந்தக் காரில் நாலைந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு சுங்கை பத்துவைக் காட்டிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு என் நன்றி. அவர் பளுவை இனியாவது பல்கலைக்கழகம் சுமக்கட்டும்.

தங்க இடம்தான் சிக்கல் என்றால் பீடோங்கில் நாங்கள் இருக்கிறோம். கோயில் மண்டபம் உண்டு, பள்ளி விடுமுறையில் வகுப்பறைகள் காலியாக இருக்கும். நிர்வாகத்தாரிடம் பேசிப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பழைய மாணவர்களின் பெற்றோர் நான்கைந்து பேர் இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதில் ஒருவர்.

அருள்கூர்ந்து அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்குமுன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். மாணவர்களுக்கு அனுப்புங்கள், தேதி போட்டு.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பீடோங், கெடா