மலை ஏறப்போற நண்பர்கள் கேங்குக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க காலேஜ் செட்டு வருஷா வருஷம் ஒரு வீக்கெண்ட் மலை ஏறப் போவோம், கல்யாணம் குழந்தைன்னு ஆனப்புறமும் அத மட்டும் விடல. இந்த வருஷம் எங்க போலாம்னு குரூப்ல பேசுறப்ப ஒருத்தன் யூடியூப் பாத்துட்டு பர்மிஷன் எல்லாம் வேணாம்டா, எஸ்டேட் வழியா ஏறிடலாம்ங்கறான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. 2018 மார்ச்ல குரங்கணி மலைல என்ன ஆச்சுன்னு அதுக்குள்ள மறந்துட்டோமா? கொழுக்குமலைல இருந்து இறங்கி வந்தவங்கள காட்டுத்தீ சுத்திருச்சு, 20 பேருக்கு மேல போயிட்டாங்க, நிறையப்பேர் நம்மள மாதிரி சனி ஞாயிறு லீவுல கிளம்புன சின்ன வயசு புள்ளைங்க. காஞ்ச புல்லுல காத்தும் சேந்தா தீ மேட்டுப்பக்கம் எவ்ளோ வேகமா ஏறும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இப்பதான் வனத்துறையே 2024ல இருந்து 40 ரூட்டு திறந்து ஆன்லைன்ல புக்கிங் குடுக்குறாங்களே, கூட வர்ற கைடும் அந்தந்த மலைப்பக்கத்து ஆளுங்கதான். ஈஸியான ரூட்டும் இருக்கு. காசு கொஞ்சம் கூடத்தான், பெரிய குரூப்பா வந்தா கட்டணத்த குறைங்கன்னு வனத்துறைய கேட்டுக்கறேன், அதே மாதிரி தீ சீசன்ல எந்தெந்த ரூட்டு மூடியிருக்குன்னு உங்க பேப்பர்ல வாராவாரம் போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை