மழைக்கால அளவீடு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் டெராஹெர்ட்ஸ் டிடெக்டர்கள் (மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட கதிரை உணரும் கருவிகள்) அட்டவணையில் அச்சிட்ட உணர்திறனில் கால் பங்குகூடத் தருவதில்லை என்றொரு பேச்சு ஐப்பசி மாதம் முதல் ஆய்வகங்களுக்குள் உலவி வருவதை அறிவோம். தொலைபேசியில் கேட்டவர்களுக்குச் சொன்னதை, கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுவதே முறை என்று கருதுகிறோம்.

குறை கூறிய ஆய்வகத்தார் 0.75 டெராஹெர்ட்ஸ் மூலத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, திறந்த மேசையில் டிடெக்டரை வைத்து அளந்திருக்கிறார்கள். நீராவி வலுவாக உட்கவரும் அலைவெண்களில் ஒன்று 0.752 டெராஹெர்ட்ஸ்; 0.557இல் அது இன்னும் கடுமை. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் கதிரின் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. எஞ்சியதை மட்டுமே டிடெக்டருக்குள் கதிரை மின்னழுத்தமாக மாற்றும் எங்கள் ஷாட்கி டையோடு காண்கிறது. ஏற்காட்டு ஈரத்தில் வராத குறை சேலத்தில் ஏன் வந்தது என்றும் கேட்டிருந்தார்கள். ஈரப்பத மீட்டரின் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 18 டிகிரியில் 95 விழுக்காடு காட்டும் சேர்வராயன் மலைக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் நீராவிதான் உண்டு. 30 டிகிரியில் 70 விழுக்காடு காட்டும் சேலத்துக் காற்றிலோ 21 கிராம். கதிரை விழுங்குவது இந்த நீராவியின் அளவுதான், மீட்டர் காட்டும் விழுக்காடு அன்று.

நாங்கள் மூலத்தையும் டிடெக்டரையும் உலர் நைட்ரஜன் ஓடும் அக்ரிலிக் பெட்டிக்குள் அருகருகே வைத்து, சாப்பர் சக்கரம் கதிரை விட்டு விட்டு வெட்ட, அந்த வெட்டின் தாளத்தில் வரும் சைகையை மட்டும் பிரித்துப் பெருக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரின் எண் நிலைத்த பிறகே குறித்துக்கொள்கிறோம். மூடியைச் சற்றுத் திறந்தாலே அந்த எண் இறங்கத் தொடங்குவதை, சோதனை அறைக்கு வந்தவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். பெட்டி இல்லாதவர்கள் 0.67 அல்லது 0.85 டெராஹெர்ட்ஸில் அளந்து பார்க்கலாம். அங்கே நீராவியின் தடை வெகுவாகக் குறைவு. கதிர்க்கற்றை, டிடெக்டரில் அதைக் குவிக்கும் சிலிக்கான் லென்ஸைவிட அகலமாக இருந்தால், வெளியே சிந்தியதையும் டிடெக்டரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது என்பதையும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்.

நுண்ணோக்கியின் கீழ் 25 மைக்ரான் தங்கக் கம்பியைப் பிசகாமல் இணைத்துக்கொடுத்த எங்கள் சகோதரி ஓசூரில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். அவர் நலமாக இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவரின் கை பழகும் வரை பொருள் வந்து சேர்வது தாமதமாகும்.

முதல் மாதிரிகள் காலத்திலிருந்தே எங்களை நம்பி, பேச்சு பரவிய பிறகும் தங்கள் மூலங்களைத் தாங்களே சுமந்து வந்து ஒப்பிட்டுப் பார்த்து, உண்மையைப் பிறருக்கும் எடுத்துச் சொன்ன பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ஐயமுள்ளவர்கள் டிடெக்டரை எடுத்து வந்தால், எதிரிலேயே கட்டணமின்றி அளந்து காட்டுகிறோம்.

காலியம் ஏற்றுமதிக்குச் சீனா 2023 ஆகஸ்டில் கட்டுப்பாடு விதித்த பிறகு எங்கள் டையோடுகளுக்கான காலியம் ஆர்சனைடு சில்லுகளுக்கு நாங்கள் கொடுக்கும் விலை ஏறியிருப்பதால், தை முதல் நாளிலிருந்து புதிய விலைப்பட்டியல் நடைமுறைக்கு வரும். நிலைமின்சாரத்தால் கருகிய டையோடுகளை மாற்றுவது இனி உத்தரவாதத்தில் அடங்காது.

இங்ஙனம்,
உரிமையாளர்,
சேலம்