சின்னவள் கையில் பிடித்த பூ

ஹூஸ்டன்

அன்பு மக்கா,

என் சின்ன மகள் கல்யாணப் போட்டோக்கள் கிடைத்ததும் நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்தவர்களை எல்லாம் ஊருக்கு அனுப்பி, வீட்டை ஒதுக்கிவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

சின்னவள் பொக்கேயில் இருந்தது என்ன ரோஜா, கசங்கின பட்டு மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். அது ரோஜா இல்லை மக்கா, லிசியான்தஸ். முள் கிடையாது. ஒரே தண்டு கிளை பிரிந்து நாலைந்து பூவும் மொட்டுமாக நிற்கும். விரிந்த பூ ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், மொட்டு மட்டும் திருகி வைத்த திரி மாதிரி கூர்மையாக இருக்கும். எனக்கு அந்த மொட்டுதான் ரொம்பப் பிடித்தது. ரோஜாவை மட்டும் வைத்துக் கட்டினால் பந்து மாதிரி உருண்டுவிடும். இதில் மொட்டுகள் அங்கங்கே எட்டிப் பார்ப்பதால் பொக்கே உயிரோடு இருக்கிற மாதிரி தெரிந்தது.

இது இந்த ஊர்ப் பூதான் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். டெக்சாஸ் புல்வெளிகளில் ஜூன், ஜூலையில் ஊதாவாகப் பூக்கிற காட்டுப்பூ, இங்கே ப்ளூபெல் என்பார்கள். காட்டில் இருப்பதற்கு ஐந்தாறு இதழ்தான், கிண்ணம் மாதிரி. அழகாக இருக்கிறதே என்று ஆளாளுக்குப் பறித்ததில் விதை விழ வழியில்லாமல் அருகிப்போய்விட்டது. ஜப்பான்காரர்கள் விதை கொண்டுபோய்ப் பல வருடம் பாடுபட்டு அடுக்கு இதழ், வெள்ளை, ரோஸ், சந்தன நிறம் என்று வகைவகையாக எடுத்திருக்கிறார்கள். சின்னவளுக்குச் சிறுவயதில் வாங்கிக் கொடுப்போமே ப்ளூ பெல் ஐஸ்கிரீம், அந்தக் கம்பெனி 1930-இல் தனக்கு வைத்துக்கொண்டதும் இந்தப் பூவின் பெயரைத்தான். இதைக் கேட்டதும் அவள் வேறு பூவே வேண்டாம் என்றுவிட்டாள். இங்கேயே பிறந்தவள் அல்லவா.

பொக்கேயை நானே கட்டினேன். இரண்டு வாரம் முன்னால் ஒரு தடவை கட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. நம் ஊர் தோவாளைச் சந்தைப் பூவுக்குப் பழகின கை, பிச்சிச் சரத்துக்குத் தெளிக்கிற மாதிரி தண்ணீரைத் தெளித்து வைத்துவிட்டேன். மறுநாள் வெள்ளை இதழ் முழுக்கப் பழுப்புப் புள்ளி! இந்தப் பூவுக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது, தண்டுதான் குடிக்க வேண்டும். அடுத்த தடவை அடி இலைகளை உருவிவிட்டு, தண்டைச் சாய்வாக வெட்டி, குளிர்ந்த அறையில் ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். காலையில் இதழ் விறைப்பாக நின்றது.

வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக இருபது தண்டு, இடையில் கொஞ்சம் தைலமர இலை. ஒவ்வொரு தண்டாக ஒரே பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துச் சேர்த்தால் அடியில் சுருள் மாதிரி விரிந்து நிற்கும், மேலே பூக்கள் ஒன்றையொன்று நசுக்காது. நாடா சுற்றும்போது கை நடுங்கியது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஒரே குறை, வாசம் கிடையாது. அதற்குத்தான் தலையில் மல்லிகைச் சரம் வைத்துவிட்டேன். கோயிலுக்குள் அவள் என்னைக் கடந்து நடந்தபோது கையில் டெக்சாஸ் பூ, தலையில் நம் ஊர் வாசம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூசை, விருந்து முடிந்து வந்ததும் பொக்கேயைப் பிரித்துத் தண்ணீரில் வைத்தேன். பத்து நாளைக்கு மேல் இருந்தது. சின்ன மொட்டுகள்கூட விரிந்தன, நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு.

அப்புறம், உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? தை மாதம் உன் மகன் கல்யாணத்துக்கு நிச்சயம் வருவேன். அதிகாலையில் தோவாளைச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போ. மருமகளுக்குப் பிச்சிப்பூவை நாம் இரண்டு பேரும்தான் கட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மக்கா