சரிந்தது அதிர்ஷ்டம் மட்டுமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் வைத்து ஆடும் போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆன்லைனில் ஆடும் ஸ்வீடன்காரர் விக்டர் ப்ளோம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பான எழுத்து, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய சரிவை "அதிர்ஷ்டம் கைவிட்டது" என்று ஒரே வரியில் முடித்திருப்பது சரியாகப் படவில்லை. ஈரோட்டில் வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். போக்கரையே பிழைப்பாக வைத்திருந்த சில இளைஞர்களின் வரவு செலவும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 2009 நவம்பர் 21 அன்று ஒரே ஆட்டத்தில் சுமார் 13.5 லட்சம் டாலர் நடுவில் குவிந்ததே, அதை ப்ளோம் வென்றதாக அச்சாகியிருக்கிறது. வென்றவர் ஃபின்லாந்தின் பாட்ரிக் அன்டோனியஸ். ப்ளோம் அதில் தோற்றவர். அப்போது அவருக்கு வயது 19. ஆன்லைனில் அவர் ஆடிய 'இசில்டர்1' என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று 2011 ஜனவரியில் பஹாமாஸில்தான் ஊரறிய அறிவித்தார்கள்.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருவோம். போக்கரில் அது இல்லை என்று எந்த நல்ல ஆட்டக்காரரும் சொல்ல மாட்டார். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயம். மேஜையில் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய பந்தயத்தை பிக் பிளைண்ட் என்பார்கள். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர் கெட்டிக்காரர். ஆனால் அதே 100 ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் சராசரிக்கு மேலும் கீழும் 100 பிக் பிளைண்ட் வரை போவது சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கெட்டிக்காரரே 10,000 ஆட்டம் ஆடி முடிக்கும்போது நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே சமயத்தில் நான்கைந்து மேஜைகளைத் திறந்து வைத்து ஆடுபவருக்கு 10,000 ஆட்டம் என்பது ஒரு வார வேலை. ஒரு லட்சம் ஆட்டம் போனால்தான் அந்த வாய்ப்பு 6 சதவீதத்துக்குள் வருகிறது. அதாவது ஒரு வாரம், ஒரு மாதக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்தார், விழுந்தார் என்று சொல்வதே அவசரம்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் பேங்க்ரோல் என்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மேஜையில் உட்காரத் தேவையான தொகையைப்போல் குறைந்தது 30, 40 மடங்கு கையில் இருக்க வேண்டும், குறைந்தால் சின்ன மேஜைக்கு இறங்கிவிட வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சொல்லும் முதல் பாடம் இது. பிக் பிளைண்ட் 1000 டாலராக இருக்கும் 500/1000 டாலர் மேஜையில் உட்கார வழக்கமான தொகை ஒரு லட்சம் டாலர். அப்படியானால் 30, 40 லட்சம் ஒதுக்கியிருந்தால்தான் ஒரு மேஜைக்கே போதும். ப்ளோம் ஒரே நேரத்தில் பல மேஜைகளில், உலகின் மிகச் சிறந்தவர்களோடு ஆடினார். 2009 டிசம்பர் 8 அன்று அமெரிக்க ஆட்டக்காரர் பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் சுமார் ஐந்து மணி நேரத்தில் ஏறக்குறைய 42 லட்சம் டாலர் போனது. அன்று சீட்டும் மோசமாக விழுந்திருக்கலாம். ஆனால் ஹேஸ்டிங்ஸும் அவருடைய நண்பர்களும் ப்ளோம் ஆடிய ஆட்டங்களின் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அப்படிப் பதிவுகளைப் பகிர்ந்தது விதிமீறல் என்று நண்பர்களில் ஒருவரான பிரையன் டவுன்சென்ட் மீது, அவர்கள் ஆடிய ஃபுல் டில்ட் தளம் நடவடிக்கையும் எடுத்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2012 ஜனவரியில் பஹாமாஸ் போட்டியில் ப்ளோம் 12 லட்சம் டாலருக்கு மேல் வென்றதை மட்டும் "அதிர்ஷ்டம் திரும்பியது" என்று போட்டிருக்கிறார்கள். அவர் ஆட்டம் மாறவில்லை, மேஜையின் அளவும் குறையவில்லை. அப்புறம் எப்படி ஏறாமல் இறங்காமல் இருக்கும்?

இன்னொரு வகை வீழ்ச்சி இருக்கிறது. அதற்கும் சீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் முதலிய தளங்களை முடக்கினார்கள். பிறகு பார்த்தால், ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடி. அடுத்த ஆண்டு போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு சமரசம் செய்துகொண்டு அந்தத் தளத்தை வாங்கிய பிறகுதான் பணம் திரும்ப வழி பிறந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குக் கைக்கு வரத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். ஒழுங்காக ஆடி, ஒழுங்காக ஜெயித்து, பணத்தைத் தளத்திலேயே விட்டு வைத்த அமெரிக்கர் ஏறக்குறைய மூன்று வருடம் வெறுங்கையோடு காத்திருந்தார். திரையில் தெரியும் இருப்பைச் சொத்தாகக் காட்டினால் கணக்கு பார்க்கும் நாங்கள் ஒப்புக்கொள்ளவே யோசிப்போம்.

நம் ஊர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் விளையாட்டில் அந்த வருடத்து நிகர வெற்றிக்கு 30 சதவீத வரி. அடுத்த வருடம் தோற்றால் அந்த நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. ஏற்ற வருடத்தில் அரசு பங்குக்கு வரும், இறங்கிய வருடத்தில் வராது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை போட்டது. ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. பெரிய தளங்கள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விவாதத்துக்கு இது இடமும் இல்லை.

ஆனால் ஒழுங்காக வரி கட்டி ஆடியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக் கடனுக்கு மூன்று வருட வருமான வரிப் படிவங்களோடு வங்கிக்குப் போனார். வருமானம் நன்றாகத்தான் இருந்தது. எதிலிருந்து வந்தது என்ற இடத்தைப் பார்த்ததும் மேலாளர் கோப்பை மூடிவிட்டார். இப்போது அவர் வேலை தேடுகிறார். நேர்காணலில் அந்த வருடங்களை என்னவென்று சொல்வது என்று என்னிடம் கேட்கிறார். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் ஸ்வீடனோடு நிறுத்தாமல் இவர்களையும் சந்தித்து எழுதச் சொல்லுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்றால் பேசக்கூடிய இரண்டு பேரை என்னால் அறிமுகப்படுத்த முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஈரோடு