ஃபார்மட் செய்வதற்கு முன்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோவையில் டிஜிட்டல் தடயவியல் ஆய்வுப் பணி செய்து வருகிறேன். உங்கள் ஊர் நிறுவனங்களின் கணினிகளும் மின்னஞ்சல் கணக்குகளும் என் மேசைக்கு வருவது வழக்கம். அவற்றில் பல காலம் கடந்தே வருகின்றன. வந்து சேர்வதற்குள் அவற்றிலிருந்த சாட்சியத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. போக்கியவர்களும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த ஆட்களே. இதைத் தடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது என்பதாலும், தனித்தனி நிறுவனங்களைவிடச் சங்கங்களே இதை எளிதாகச் செய்ய முடியும் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குப் பழகிப்போன ஒரு சம்பவத்திலிருந்தே தொடங்கலாம். ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆவணங்களும் போய்விட்டன, பணம் மட்டும் வரவில்லை. சரக்கை வாங்கிய வெளிநாட்டு பையரிடம் கேட்டால், நீங்கள் மின்னஞ்சலில் தந்த புதிய வங்கிக் கணக்குக்குச் சென்ற வாரமே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிக் கடித முறையில் வங்கிகள் நடுவில் இருப்பதால் இந்த மோசடிக்கு இடம் குறைவு. பல ஆண்டு நம்பிக்கையின் பேரில் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் முறையில் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் பழைய பையர்களிடம்தான் இது அதிகம் நடக்கிறது.

இதைச் செய்கிறவர்கள் அவசரப்படுவதில்லை. ஏதோ ஒரு போலி லாகின் பக்கத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர் கொடுத்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்தைப் படிக்கிறார்கள். எந்த இன்வாய்ஸுக்கு எப்போது பணம் வரும், உங்கள் அலுவலகத்தில் யார் எப்படிக் கையொப்பமிடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஆராய்ந்த ஒரு கணக்கில், வங்கி, பணம் ஆகிய சொற்களைக் கொண்ட பையரின் கடிதங்கள் அனைத்தும் ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் என்ற, யாரும் திறந்தே பார்க்காத கோப்புறைக்குத் தாமாகவே நகரும்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. பையர் சந்தேகப்பட்டு இரண்டு முறை கேள்வி அனுப்பியிருந்தார். அந்தக் கேள்விகள் உரியவர் கண்ணில் படவே இல்லை. பதிலை மோசடிக்காரரே எழுதி அனுப்பியிருந்தார்.

பணம் போனதோடு இது முடிவதில்லை. உன் மின்னஞ்சலிலிருந்துதானே கடிதம் வந்தது என்று பையர் கேட்பார். உங்கள் பக்கம்தான் ஓட்டை என்று நீங்கள் சொல்வீர்கள். யாருடைய அஞ்சல் பெட்டி உடைக்கப்பட்டது, எந்த நாளில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து உள்ளே வந்தார்கள், அந்தக் கடிதம் உண்மையில் உங்கள் சர்வரிலிருந்து கிளம்பியதா, அல்லது ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனிலிருந்து வந்ததா என்பதெல்லாம் லாகின் பதிவுகளிலும் கடிதத்தின் தலைப்பு விவரங்களிலும் இருக்கின்றன. அவை கையில் இருந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை ஆதாரத்தோடு பேச முடியும். இல்லாதபோது, பையரை இழக்க மனமில்லாமல் திருப்பூர்க்காரரே பாதித் தொகையையோ முழுத் தொகையையோ விட்டுக்கொடுக்கிறார். இந்த நஷ்டங்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை, ஏனென்றால் வெளியே சொல்ல யாரும் விரும்புவதில்லை.

நிறுவனத்தின் சொந்த ஆட்களே சாட்சியத்தைப் போக்கிவிடுகிறார்கள் என்றேனே, அது இப்படித்தான் நடக்கிறது. சம்பவம் தெரிந்த அன்று மாலையே சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் தம்பி வரவழைக்கப்படுகிறார். வைரஸ் ஏறியிருக்கிறது அண்ணா, விண்டோஸ் மாற்றிப் போட்டுவிடலாம் என்று அவர் நல்லெண்ணத்தோடு சொல்ல, ஒரு மணி நேரத்தில் ஹார்ட் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிடுகிறது. இப்போதைய எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இப்படி அழிந்தவை பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டு, அதை அணைக்காமல், யாரும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தகவல்கள் மின்சாரம் நின்றதும் போய்விடும் என்பதே காரணம். அதன்பின், வட்டில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவியை இணைத்து முழுப் பிரதி எடுத்து, அதற்கு ஹேஷ் மதிப்பு (ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு வைப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மின்னணு ஆவணத்தின் பிரதியைச் சாட்சியமாகக் கொடுத்தால் உரிய சான்றிதழும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை முன்வைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமின் 63ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், சான்றிதழை இரண்டு பகுதிகளாகக் கேட்கிறது: கருவிக்குப் பொறுப்பானவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது மற்றொன்று, இரண்டிலும் ஹேஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். ஃபார்மட் செய்த வட்டிலிருந்து எதற்கு ஹேஷ் எடுப்பது?

சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், சிஸ்டம் பதிவுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய ஐ.டி. நிறுவனங்களுக்கு மட்டுமே இது என்று உங்கள் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்த உங்கள் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இணையதளத்தோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கும் மின்னஞ்சல் சேவைகளில் லாகின் பதிவு சில நாள்களுக்கு மேல் நிற்காமல் போகலாம். இந்த மோசடி வெளியே தெரிவதற்கோ ஒரு மாதமாவது ஆகிவிடுகிறது. நூற்றுக்கணக்கான கடிதங்களில் பல கோடி ரூபாய் வணிகம் நடத்தும் நிறுவனம் இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்ப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்களிடம் திருட என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து டேலி கணக்கு மென்பொருளைப் பார்ப்பதற்காக, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்திருக்கும் அலுவலகங்களை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் பெயர் பார்த்துத் தேடுவதில்லை; திறந்த கதவைத்தான் தேடுகின்றன. பேக்கப் வட்டும் அதே சர்வரில் செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். 158 ஆண்டு பழைமையான கே.என்.பி. என்ற பிரிட்டன் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 2023இல் இத்தகைய தாக்குதலுக்குப் பிறகு மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலையிழந்தார்கள். விலகிப் போகும் ஊழியர் காஸ்டிங் ஷீட் எனப்படும் விலைக் கணக்கையும் பையரின் டிசைனையும் பென் டிரைவில் எடுத்துச் சென்றாரா என்பதையும் கணினி நினைவில் வைத்திருக்கும். அந்த லேப்டாப்பை மறுநாளே அடுத்தவருக்குக் கொடுத்துவிடாமல் இருந்தால் அதை நிரூபிக்கலாம்.

வெளியே சொல்வதால் பெயர் கெடும் என்று தயங்குகிறவர்களுக்குக் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியை நினைவூட்டுகிறேன். 2018 பிப்ரவரியில் வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணக் கட்டளை அனுப்பும் அதன் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் நுழைந்தவர்கள், ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் பிரிண்டரை முடக்கிவிட்டு, மூன்று கட்டளைகள் மூலம் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்குத் திருப்பினார்கள். மறுநாள் காலை வழக்கமான கணக்கு ஒப்பீட்டிலேயே வங்கி அதைக் கண்டுபிடித்தது. துபாய்க்குக் கிளம்பிய 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. வங்கி அதைப் பங்குச் சந்தைக்கும் ஊடகங்களுக்கும் சொன்னது. இன்றும் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் நிலைமையில் வேகத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. உள்நாட்டுப் பணமோசடிக்கு 1930 என்ற உதவி எண் நல்ல வழி. ஏற்றுமதியில் பணம் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக் கணக்குக்கே போவதால், பையரின் வங்கி முதலில் அசைய வேண்டும்; அதற்குப் பையரை நம்பவைக்கும் ஆதாரம் சில மணி நேரத்துக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனியாக ஆள் வைக்கச் சிறிய நிறுவனங்களால் முடியாது என்பதை அறிவேன். சாயக்கழிவு விஷயத்தில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு பட்டறையால் தனியே முடியாததைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூலம் நீங்கள் சாதித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதே போல, சம்பவம் நடந்த அன்றே அழைக்கக்கூடிய ஒரு தடயவியல் குழுவோடு சங்கத்தின் பெயரில் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு மாற்றத்தை, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது என்ற வாசகத்தை முன்கூட்டியே அனுப்பும் ஒவ்வொரு ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலும் அச்சிடும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் 180 நாள் பதிவும் இல்லாத உறுப்பினர் யார் யார் என்று ஒரு கணக்கெடுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், மேலே சொன்ன அஞ்சல் விதியை எங்கே தேடுவது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உறுப்பினர்களின் கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கு நேரில் வந்து கட்டணமின்றிக் காட்டித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்